கம்பிச் சத்தத்துக்கு எத்தனை மார்க்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழாயிரம்பண்ணை வானொலி நேயர் மன்றக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நாலு பேர். தையல்காரர் ஆண்டிச்சாமி மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடையும் ரேடியோவும் அவருடையவை என்பதால் அந்த இடத்துக்குப் போட்டி கிடையாது. பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டும் ஊர்க்காவலன் வாசலில், ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக இருந்தார். புதிதாகச் சேர்ந்த மாரிசெல்வி, அச்சங்குளத்தில் வெடி சுற்றுகிறவள், தைக்க வந்திருந்த யூனிபாரம் துணிக்கட்டின் மேல். துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மன்றச் செயலாளர் சங்கையா.

சங்கையாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்றாலும், கடிதம் எழுத உட்கார்ந்தால் தேதி வலது மூலையில், விளிம்பு இடது பக்கத்தில், பொருள் தனி வரியில் என்று ஒரு ஒழுங்கு இருக்கும். நிகழ்ச்சி தங்கள் ஊர்க்காரர் காதுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று அறிக்கை எழுதச் சொல்லி வெளிநாட்டு நிலையங்கள் நேயர்களைக் கேட்கும். சிக்னலின் பலம், குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியாக அஞ்சுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். பக்கத்து நிலையம் உள்ளே புகுந்து தொந்தரவு செய்தால் குறுக்கீட்டில் மார்க் குறையும். சங்கையா போட்ட மார்க்கை எந்த நிலையமும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. வடகடல் வானொலியின் தமிழ்ப் பிரிவு ஒருமுறை நேயர் நேரத்திலேயே, ஏழாயிரம்பண்ணை அறிக்கை என்றால் நாங்கள் இரண்டாவது தடவை சரிபார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு அவர் தெருவில் நடந்த நடையை ஊர்க்காவலன் இன்றும் நடித்துக் காட்டுவார்.

மன்றத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்திருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை தபாலுக்குப் போகும். ஒருவர் மறுத்தாலும் போகாது.

இந்தச் சனிக்கிழமை வடகடல் வானொலியின் அறிவிப்பாளர் அம்மா ஒரு பாட்டுக் குழுவை அறிமுகப்படுத்தினார். சின்னத் துறைமுக ஊர். மீன் ஏற்றும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாலு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். பெயர் கேன்வாஸ் ஷூஸ். சொந்த ஊரிலேயே பாதிப் பேருக்கு அவர்களைத் தெரியாது. இவர்களுக்காக ஒரு நேயர் கடிதமாவது வந்தால் அடுத்த மாதம் அரை மணி நேரம் முழுக்க இவர்கள் பாட்டுத்தான், வராவிட்டால் வேறு குழு, என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற மாதிரி ஒரு பையன் பாடினான். அவன் குரலைச் சுற்றி, கண்ணாடி வளையல் பெட்டியை மண்ரோட்டில் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோகிறாற்போல, ஒரு கிணுகிணுப்பு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஆண்டிச்சாமி ரேடியோ முள்ளை இம்மி நகர்த்தினார். குரல் போயிற்று, கிணுகிணுப்பும் போயிற்று. பழையபடி வைத்தார். இரண்டும் வந்தன.

"எவனோ பக்கத்து ஸ்டேசன்காரன் கம்பியத் தட்டுறான்" என்றார் ஊர்க்காவலன்.

சங்கையாவும் அப்படித்தான் நினைத்தார். பாட்டு முடிந்ததும் குறுக்கீட்டுக்கு இரண்டு மார்க் போட்டு, 'அருகிலுள்ள அலைவரிசையிலிருந்து கம்பி ஒலி' என்று குறிப்பும் எழுதினார். ஆண்டிச்சாமி கையெழுத்துப் போட்டார். ஊர்க்காவலனும் போட்டார். தாள் மாரிசெல்வியிடம் போனபோது அவள் வாங்கவில்லை.

"அது குறுக்கீடு இல்ல அண்ணாச்சி. அதான் அவுக பாட்டு."

"பாட்டுத்தான் தனியா பாடுறானேத்தா."

"அந்தப் பையன் மூச்சு வாங்கயில அதுவும் மூச்சு வாங்குது. பக்கத்து ஸ்டேசன்காரனுக்கு இவன் எப்ப மூச்சு வாங்குவான்னு எப்படித் தெரியும்?"

சேர்ந்து இன்னும் ரெண்டு மாசம் ஆகவில்லை, அதற்குள் செயலாளருக்கே பாடம் எடுக்கிறாளே என்று ஊர்க்காவலன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குறுக்கீடு என்று எழுதிப் போனால், பாட்டு நன்றாக இல்லை என்றுதான் அங்கே நினைப்பார்கள், அப்புறம் அந்தப் பாட்டு மறுபடி வராது, அது தனக்கு இன்னொரு தரம் வேண்டும் என்று சொன்னாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னாள்.

சங்கையாவுக்கு முகம் சுண்டியது. எழுதிய மார்க்கை அவர் அடித்துத் திருத்தியதே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்ன இடத்தை நினைத்துப் பார்த்தார். நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

"நாளைக் காலையில இதே நிகழ்ச்சி வேற மீட்டர்ல, வேற அலைவரிசையில, மறு ஒலிபரப்பு" என்றார். "ரோடு மாறினா பக்கத்து வீட்டுக்காரனும் மாறணும். அங்கனயும் கம்பிச் சத்தம் வந்தா அது அவுக சத்தம். வரலைன்னா நீ கையெழுத்துப் போடணும்."

மாரிசெல்வி ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காவலன் மட்டும் இரண்டு காலையும் கடைக்குள் வைத்திருந்தார். வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த ஏரியல் வயரை ஆண்டிச்சாமி ஒரு தடவை போய் முறுக்கிவிட்டு வந்தார். ஆனாலும் அந்த மீட்டரில் நிலையம் இளைத்துத்தான் கிடைத்தது. அறிவிப்பாளர் அம்மா கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். பாட்டு தொடங்கியபோது பையன் குரல் எழும்பி எழும்பி அமுங்கியது.

கிணுகிணுப்பு இருந்தது.

"இதுவும் அதே ஆளுதான்" என்றார் ஊர்க்காவலன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "நம்மளத் தொரத்திக்கிட்டே வர்றான்."

மாரிசெல்வி எழுந்து வந்து மேஜை ஓரத்தில் நின்றாள். பையன் இரண்டாவது அடியைப் பாடி முடிக்கப் போகையில் கட்டைவிரலால் மேஜையில் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, வேகமாக இரண்டு, கடைசியில் ஒன்று. அவள் விரல் நின்ற மறுகணம் ரேடியோவில் கம்பி அதையே வாசித்தது. மூன்று, ஒரு இடைவெளி, இரண்டு, ஒன்று. ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டில் கம்பி எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சங்கையாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் பாட்டு கேட்கத் தொடங்கியது. நேற்றுவரை குரலை மறைத்துக்கொண்டு நின்ற சத்தம் இப்போது குரலுக்குத் தோள் கொடுத்து நடந்தது. பையன் வருத்தப்பட்டுப் பாடுகிறான், கம்பிகள் அவனை வருத்தப்பட விடாமல் கேலி பண்ணுகின்றன, அவ்வளவுதான் சங்கதி. பாஷை தெரியாமலே அது புரிந்தது. பாட்டு முடிந்தபோது ஆண்டிச்சாமியின் கால் ஓடாத மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது.

"அம்புட்டும் கிதாரா?" என்றார் ஊர்க்காவலன் மெதுவாக. "நல்லாத்தாம்லே வாசிக்கிறான்."

சங்கையா முதல் நாள் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். மேஜையில் வெளிநாட்டுத் தபாலுக்கான புது ஏரோகிராமை விரித்தார். பலம் மூன்று, குறுக்கீடு இல்லை, ஆகவே ஐந்து, என்று வரிசையாக எழுதி வந்தவர் அத்தோடு நிறுத்தவில்லை. இவர்களுடைய கிதாரைக் குறுக்கீடு என்று முதல் நாள் கருதியதையும், மறு ஒலிபரப்பில் சோதித்ததையும், எங்கள் மன்ற உறுப்பினர் செல்வி மாரிசெல்வி கம்பி இறங்கும் இடத்தை முன்கூட்டியே தட்டிக் காட்டியதையும் எழுதினார். ஆண்டிச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, தப்பாக நினைத்ததை நாமே எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மன்றத்துக்கு இருக்கிற நல்ல பேர் போய்விடாதா என்று கேட்டார்.

"போகாது" என்றார் சங்கையா. "கேட்டோம், சந்தேகப்பட்டோம், சரிபார்த்தோம். இத எழுதாம விட்டாத்தான் அறிக்கை அரைகுறை. அதோட, அவுக ஊர்லயே அவுகளக் கேக்க ஆளு இல்லைங்கிறாக. இங்கன நாலு பேரு ரெண்டு நாளாச் சண்டை போட்டுக் கேட்டோம்னு தெரியட்டும்."

"அப்ப அந்தக் கம்பிச் சத்தத்துக்கும் மார்க் போடுங்க. அஞ்சுக்கு அஞ்சு" என்றார் ஊர்க்காவலன்.

அதற்கு அறிக்கையில் இடமில்லை. ஐந்து மார்க்குக்கு மேல் ஆறாவதாக ஒன்றை எந்த நிலையமும் கேட்டதில்லை, சங்கையாவும் போட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கீழே தனி வரியில் 'கிதார்: ஐந்து' என்று எழுதி அடிக்கோடு இட்டார்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பின் மாரிசெல்வி தாளை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை உதடசைத்துப் படித்தாள். தன் பெயர் வந்த வரியை மறுபடி படித்தாள். அந்த ஊருக்கு இது எத்தனை நாளில் போகும் என்று கேட்டாள். போய்ச் சேர்வதற்கு முன் அவர்கள் குழுவைக் கலைத்துவிட மாட்டார்களே என்றும் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

சங்கையா ஏரோகிராமை மடித்து, ஓரத்துப் பசையை ஈரத் துணியால் தொட்டு, ஸ்கேலை வைத்து அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை உள்ளூரில் தபால் எடுக்க மாட்டார்கள். சாத்தூர் ரயில்வே ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஊர்க்காவலன் கையை நீட்டினார். மடங்கிவிடாமல் அதைச் சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வேனை எடுத்தார்.