காகம் பார்த்த முகம்

நான் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தேன். மாவு பிசையும் வேலை இல்லை, அடுப்பு பார்க்கும் வேலையும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்தால் உறையின் உட்பக்கத்தில் ஒரு வரி இருக்குமே, ‘தெரியுமா? ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்’ என்று, அந்த வரியை எழுதுவது நான்தான். பிள்ளைகள் பிஸ்கட்டுக்காக அல்ல, என் வரிக்காகத்தான் உறையைக் கிழிக்கிறார்கள் என்று மனதார நம்பினேன். ஆபீசில் எனக்குப் பெயரே ‘தெரியுமா மேடம்’. சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், பலர் கிண்டலாகச் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் மரியாதைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த வரியாக இருந்தாலும் இரண்டு புத்தகங்களில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் அறையில் யாராவது கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பார்த்த வரிக்கு ‘சோதித்தது’ என்று ஊதா மையில் ஒரு முத்திரை, கீழே கையெழுத்து. ஆப்பிள் மிதக்கும் என்பதை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்பதற்கு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சின் மேல் ஒரு பூச்சியின் காலை மட்டும் மெல்லப் படவிட்டேன். கால் பட்டதும் சுருண்டிருந்த உறிஞ்சுகுழல் விரிந்து நீண்டது. பக்கத்து மேஜை ஓவியர் கைதட்டினார். அன்றிலிருந்து அந்த ஊதா முத்திரை மேல் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இரண்டு புத்தகங்கள் சத்தியம் செய்து சொன்னதைக்கூட நானே செய்து பார்க்காமல் விடுவதில்லை என்று ஆகிவிட்டது.

அப்படித்தான் காகம் வந்தது. ‘தெரியுமா? தனக்குக் கெடுதல் செய்தவரின் முகத்தைக் காகம் மறக்காது.’ இரண்டு புத்தகங்களில் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, செய்து பார்க்கக் கிளம்பினேன்.

செய்முறை புத்தகத்திலேயே இருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு ஒரு காகத்தைப் பிடிக்க வேண்டும், கொஞ்ச நேரம் வைத்திருந்து விட்டுவிட வேண்டும். பிறகு அதே முகமூடியோடு போனால் காகங்கள் திட்டும், முகமூடி இல்லாமல் போனால் திட்டாது. ஓவியர் அட்டையில் வட்டமாக ஒரு சிரித்த முகம் வெட்டிக் கொடுத்தார்.

“மேடம், என்ன வந்தாலும் இதைக் கழட்டாதீங்க. பழி அட்டையோட போகட்டும்” என்றார்.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனேன். கூடையைக் குச்சியால் முட்டுக்கொடுத்து, கீழே பிஸ்கட் தூள் தூவி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் கொளுத்தியது. அட்டைக்குள் வியர்வை வழிந்து கண்ணை எரித்தது. கண்ணுக்கு விட்டிருந்த ஓட்டையோ கடுகளவு. ஒரு குஞ்சுக் காகம், வாய்க்குள் இன்னும் சிவப்பு மாறாதது, தத்தித் தத்திக் கூடைக்குள் வந்தது. கயிற்றை இழுத்தேன். அதை வெளியே எடுக்கும்போது எதுவும் தெரியவில்லை. எரிச்சலில் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் என்று நானே வைத்துக்கொண்ட கணக்கு. தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா, கைப்பிடிச் சுவர் எல்லாம் காகங்கள். முதலில் ஒரே கூச்சல். ஏழாவது நிமிடம் குஞ்சின் இறக்கை தொய்ந்தது. கழுத்து ஆடியது. உதறிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

கூச்சல் நின்றது. ஒரு காகம்கூட வாயைத் திறக்கவில்லை, பறக்கவும் இல்லை. அத்தனையும் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தன. குஞ்சை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டுத் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கீழே ஓடிவந்தேன்.

அறிக்கையில் ‘பத்து நிமிடம் வைத்திருந்து விடுவிக்கப்பட்டது’ என்று எழுதினேன். முகமூடியைக் கழற்றியதையும் எழுதவில்லை. மறுநாள் வாசலில் கால் வைத்ததும் எதிர்மரத்துக் காகங்கள் ஒன்றாகக் கத்தின. ஓவியர் ஜன்னலிலிருந்து பார்த்து, “அட, அட்டை இல்லாமலேயே கண்டுபிடிக்குதே!” என்று வியந்தார். “என் நடையை வச்சுக் கண்டுபிடிச்சிருக்கும்” என்று சொல்லிச் சமாளித்தேன். முத்திரை விழுந்தது, வரி அச்சுக்குப் போனது.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். என்னைவிட எட்டு நிமிடம் இளையவள். அதே நெற்றி, அதே மூக்கு, அதே முன்பல் இடைவெளி. பெற்ற அம்மாவே இன்றைக்கும் குரலைக் கேட்டுத்தான் எங்களைப் பிரிக்கிறாள். நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவள். அவள் செல்போன் டவர் ஏறிப் பிழைக்கிறவள். நாற்பது மீட்டர், ஐம்பது மீட்டர் உயரத்தில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு கேபிள் மாற்றுவாள். “நீ எழுதுறது ஊர் பூரா போறதுக்கு நான்தான்டி கம்பி இழுக்கிறேன்” என்பாள். பிஸ்கட் உறைக்கும் டவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அதற்கும் சிரிப்பாள்.

அந்த வாரம் அவள் போன் செய்தாள்.

“அக்கா, உங்க ஆபீஸ் பக்கத்து டவர்ல இன்னைக்கு வேலை. ஒரு காக்கா மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. கூட ரெண்டு பசங்க ஏறினாங்க, அவங்களை ஒண்ணும் பண்ணல. என்னை மட்டும்தான்.”

“கூடு இருந்திருக்கும்” என்றேன்.

“இல்லையே, தேடிப் பார்த்தேன்.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முகமூடியைக் கழற்றியதைச் சொல்ல வேண்டும், குஞ்சு செத்ததைச் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டுப் பொய் எழுதியதைச் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குச் சோறு எவ்வளவு இருந்தாலும் போதவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

மூன்று நாள் கழித்து ஊருக்கு வெளியே வேறொரு டவர். அங்கே ஆறு காகங்கள். பிறகு அதற்கும் அப்பால், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிற இடத்தில் இன்னொன்று. “கத்தக்கூட இல்ல அக்கா. பின்பக்கமா வந்து ஹெல்மெட்ல அடிச்சுட்டுப் போகுது. திரும்பிப் பார்த்தா, எல்லாம் வரிசையா உட்கார்ந்து என்னையே பார்க்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.” எதற்கும் பயப்படாதவள் இப்படிச் சொன்னாள். அந்தக் காகங்கள் எங்கள் மொட்டைமாடியைப் பார்த்திருக்க வழியே இல்லை. பார்த்தவை சொல்லியிருக்கின்றன. எப்படிச் சொல்லின, என் முகத்தை என்ன மொழியில் சொல்லின?

பத்தாம் நாள் அவள் இடுப்புப் பட்டையின் கொக்கியை மாற்றி மாட்டும்போது ஒன்று கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்தது. பிடி நழுவி ஒரு கையில் தொங்கியிருக்கிறாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. “நாளைக்கு ஏரிக்கரை டவர். அறுபது மீட்டர். அதை முடிச்சுட்டு ரெண்டு நாள் லீவு போட்டுடறேன்” என்றாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பழி போய்ச் சேர்ந்தது என் முகத்தோடு பிறந்த ஒரே குற்றத்துக்காக.

பதினொன்றாம் நாள் காலை, எது போனாலும் போகட்டும் என்று போன் போட்டேன். அவளுடைய வேன் டிரைவர் எடுத்தார். ஏறும்போது போனைக் கீழே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதி.

“மேடம் ஏறிட்டாங்களே. பாதி தூரம் போயிட்டாங்க.”

“இறங்கச் சொல்லுங்க!”

“காத்துல காது கேக்காதுங்க. இங்க காக்கா வேற…” என்று இழுத்தார். “இவ்வளவு காக்காயை நான் பார்த்ததே இல்லைங்க.”

ஆட்டோ பிடித்துப் போனேன். இருபது நிமிடம். ஏரிக்கரை வெட்டவெளி, நடுவில் இரும்புக் கோபுரம், அதைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம். வளையத்துக்குள் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு முகத்தை அதில் புதைத்திருந்தாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஒவ்வொன்றாக வந்து அடித்துவிட்டுப் போயின, முறை வைத்தாற்போல. டிரைவர் கல்லை எடுத்து எறிந்துகொண்டிருந்தார். பாதி உயரம்கூடப் போகவில்லை.

கத்திப் பார்த்தேன், கையை ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவற்றுக்கு வேண்டிய முகம் மேலே இருந்தது. அப்போது அச்சுக்குப் போகாமல் என் மேஜையில் கிடந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. கையில் கருப்பாக ஏதாவது தொங்கினால், தன் இனத்தைத்தான் பிடித்துவிட்டார்கள் என்று காகம் நினைத்துக்கொள்ளுமாம். ஒரே ஒரு புத்தகம்தான் சொன்னது. ஆகவே நாங்கள் போடவில்லை.

டிரைவரின் கருப்புக் குடையை வாங்கினேன். கம்பியிலிருந்து துணியைப் பிய்த்தேன். மைதானத்தின் நடுவே போய், துணியின் ஒரு முனையைப் பிடித்து, அன்று பிடித்த மாதிரியே கையை நீட்டித் தொங்கவிட்டேன். முகத்தை மேலே நிமிர்த்தினேன். லேசாகத் துணியை உதறினேன்.

வளையம் நின்றது. சிறகடிப்பு மட்டும் கேட்டது. மேலே ஒரு முகம், கீழே அதே முகம். எத்தனை நொடியோ, அவை யோசித்தன. பிறகு மொத்தமாகக் கீழே வந்தன.

கண்ணை மூடிக்கொண்டேன், துணியை விடவில்லை. நெற்றியிலும் காதிலும் கன்னத்திலும் அலகு இறங்கியது. டிரைவர் கூப்பிட்டது எங்கேயோ கேட்டது. கடைசியில் யாரோ என் கையிலிருந்து துணியைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். தங்கை இறங்கி வந்திருந்தாள். காகங்கள் விலகிப் போய் வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன.

“என்னடி இது? பைத்தியமா உனக்கு?”

சொன்னேன். குஞ்சு, முகமூடி, ஏழாவது நிமிடம், ஊதா முத்திரை, ஒன்றையும் விடவில்லை. அவள் என் நெற்றியை ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாள். சட்டென்று கை நின்றது.

“நான் முதல் தடவை போன் பண்ணினப்பவே உனக்குத் தெரியுமா?”

“ம்.”

“அதுக்கப்புறம் ஆறு டவர் ஏறியிருக்கேன் அக்கா.”

நான் அழுதேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. துண்டைப் பிழிந்து காயப் போட்டாள். ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“மேல வேலை பாதியில நிக்குது” என்றாள். “நீ இங்கேயே நில்லு. முகத்தை மூடாதே.”

ஏறினாள். ஒரு காகமும் அவள் பின்னால் போகவில்லை. அத்தனையும் வேலியில் உட்கார்ந்தபடி என் மேலேயே கண்ணாக இருந்தன. இரண்டு மணி நேரம் நின்றேன்.

இப்போது நான் பிஸ்கட் கம்பெனியில் இல்லை. முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன், அனுப்பிவிட்டார். தங்கையின் வேனில் முன் சீட்டில் போகிறேன். அவள் எந்த டவர் ஏறினாலும் நான் கீழே வெயிலில், முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. அவள் கேட்பதும் இல்லை, நான் வரமாட்டேன் என்பதும் இல்லை. என்றைக்காவது நான் படுத்துவிட்டால் அவள் கதி என்ன என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கவலை.

போன வாரம் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையடிவாரத்துக்குப் போனோம். அங்கே நாங்கள் போனதே அன்றுதான் முதல் தடவை. வேனிலிருந்து இறங்கினேன். கம்பியில் ஒரு குஞ்சுக் காகம், பறக்கப் பழகி நாலு நாள் இருக்கும். பெரிய காகங்கள் வழக்கம்போல என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கின. குஞ்சு கத்தவில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்தது. உடம்பெல்லாம் நடுங்கி, நகர்ந்து நகர்ந்து போய்த் தாயின் இறக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.