இரண்டாம் சிலிண்டருக்குக் கீழே

விடிந்தும் விடியாததுமாக அக்கா என்ஜினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். சிமெண்டுத் தரை முதுகில் சில்லிட்டது. கழுவும் திரவம் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் இறங்கியது. வெடித்திருந்த விரலிடுக்கில் அது பட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

எங்களுடையது நான்கு குட்டி விமானங்களை ஓட்டும் கம்பெனி. அக்கா தலைமை மெக்கானிக். நான் பெட்ரோல் போடுகிறவன். எல்லோரும் என்னை டேங்கர் என்பார்கள். நான் ஓட்டும் வண்டியைப் பார்த்து வைத்த பெயரல்ல, என் வயிற்றைப் பார்த்து வைத்தது. இரண்டு மாதம் முன்புவரை மெக்கானிக்குகள் ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று பேரை முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் அக்காவும் சின்ன மெக்கானிக்கும்தான். விமானங்கள் மட்டும் முன்னைப் போலவே பறந்துகொண்டிருந்தன.

முந்தின நாள் மாலை விமானி இறங்கி வந்து, "ரெண்டு மணி நேரத்துல எண்ணெய் பாதி குறைஞ்சிருக்கு அக்கா, விமானத்தோட வயித்துப் பக்கமெல்லாம் ஒரே பிசுபிசுப்பு" என்று சொல்லியிருந்தான். அவன் சின்ன மெக்கானிக்குக்குத் தங்கை புருஷன்.

"மேல்மூடி கேஸ்கட்தான் போயிருக்கும் அக்கா. மாத்தினா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்றான் சின்ன மெக்கானிக் அப்போதே.

"எண்ணெய் தெரியிற எடம் வேற, ஒழுகுற எடம் வேறடா. காத்து அடிச்சுப் பின்னாடி தள்ளியிருக்கும். மொதல்ல சுத்தமா கழுவு."

விடிகாலையில் இருவரும் கழுவினார்கள், துடைத்தார்கள், ஈரம் போகக் காயவிட்டார்கள். பிறகு, கசிவு இருந்தால் கறை காட்டும் வெள்ளைப் பவுடரை என்ஜின் முழுவதும் ஊதினார்கள். விமானத்தை வெளியே தள்ளி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்ததும் அக்கா உள்ளே ஏறி என்ஜினை ஓடவிட்டாள். காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். கேஸ்கட்டில் பவுடர் கலையவில்லை. எண்ணெய்க் குழாய்களும் காய்ந்தே இருந்தன. இரண்டாம் சிலிண்டருக்குக் கீழே வெளிச்சம் நின்றது. வெண்மையில் முடி போல ஒரு பழுப்புக் கோடு. அதைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடினாள்.

"நகம் மாட்டுது" என்றாள். "சிலிண்டரைத் தாங்குற கூடே வெடிச்சிருக்கு."

"வெடிச்சா என்ன அக்கா ஆகும்?" என்று கேட்டேன்.

"பறக்கப் பறக்க வெடிப்பு நீளும். எண்ணெய் மொத்தமும் கொட்டிடும். என்ஜின் இறுகி நின்னுடும். அப்புறம் உள்ள இருக்கிறவங்க கதி என்ன?"

சின்ன மெக்கானிக் எதிலோ அடிபட்டவன் போலக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

ஏழரைக்கு முதலாளி வந்தார். "இன்னும் ஏன் திறந்து கிடக்கு? எட்டு மணிக்கு நாலு பேர் ஏறணும்."

"இது பறக்காது சார். என்ஜினை இறக்கணும். பத்து நாளாவது ஆகும்."

"முடி அளவு கீறலுக்குப் பத்து நாளா? எண்ணெயை நிரப்பி அனுப்பு. சாயங்காலம் வந்ததும் பார்த்துக்கலாம்."

"வந்தாத்தானே சார் பார்க்கிறது?"

முதலாளியின் கழுத்து சிவந்தது. விமானம் பறக்கத் தகுதி என்று கையெழுத்திடும் லாக் புத்தகத்தையும் பேனாவையும் சின்ன மெக்கானிக்கிடம் நீட்டினார். "தம்பி, நீ கையெழுத்துப் போடு. இன்னியிலேர்ந்து நீதான் இங்க தலைமை."

அவன் பேனாவை வாங்கினான். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம். விமானி கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தான். எல்லோரும் அந்தப் பேனாவையே பார்த்தோம்.

"போன வாரமும் நான்தான் போட்டேன் அக்கா" என்றான் சின்ன மெக்கானிக், தலை நிமிராமல். "இதே எடத்துல ஈரம் இருந்துச்சு. சார்கிட்ட சொன்னேன். தொடைச்சுட்டுப் போடு, இல்லேன்னா நாலாவது ஆள் நீதான்னாரு. தொடைச்சுட்டேன்."

"அந்த வாரம் பூரா நான்தானே ஓட்டினேன் மச்சான்?" என்றான் விமானி.

"ஆமா மாப்ள."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். நீ இறங்குற வரைக்கும் ஒவ்வொரு நாளும் இந்த வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன்."

விமானி பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தான். அக்கா நடுவில் புகுந்தாள்.

"விடு. அவனை அடிச்சா வெடிப்பு மூடிக்குமா? அஞ்சு பேர் இருந்தப்போ ஒருத்தன் தொடைச்சா இன்னொருத்தன் கண்ணுல பட்டிருக்கும். இப்ப யாரு இருக்கா பார்க்க?"

விமானியின் பிடி மெதுவாகத் தளர்ந்தது. சின்ன மெக்கானிக் புத்தகத்தை இறக்கையின் மேல் வைத்து எழுதினான். எழுதியதை உரக்கப் படித்தான்: "இரண்டாம் சிலிண்டருக்குக் கீழே கூட்டில் வெடிப்பு. பறக்கத் தகுதியில்லை. போன வாரமே கசிவைக் கண்டேன், மறைத்தேன்." கீழே கையெழுத்துப் போட்டான். அக்காவும் பக்கத்திலேயே போட்டாள்.

முதலாளி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "ரெண்டு பேரும் வெளிய போங்க! கையெழுத்துப் போட ஊர்ல ஆளா இல்ல? இதோ கூப்பிடுறேன்." விமானியைப் பார்த்து, "நீ தயாரா இரு" என்றார்.

"யார் போட்டாலும் நான் ஓட்ட மாட்டேன் சார். ஏற வர்றவங்ககிட்டயும் நானே சொல்லப்போறேன்."

"டேங்கர், நீ பெட்ரோல் போடுற வேலையைப் பாரு!"

இருபத்திரண்டு வருஷமாக இந்த வண்டியைத் தவிர வேறொன்றும் அறியாதவன் நான். சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன். "போட மாட்டேன் சார்." அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் போனும் கையுமாக அலுவலக அறைக்குள் போய்க் கதவை அறைந்தார்.

விமானத்தை நான்கு பேரும் தோள் கொடுத்து உள்ளே தள்ளினோம். ஏற வந்த நான்கு பேரிடமும் விமானி நடந்ததைச் சொல்லித் திருப்பி அனுப்பினான். வேலையிழந்த மூவருக்கும் அக்கா போன் போட்டாள். வரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடந்ததைக் கேட்டதுமே கிளம்பிவிட்டார்கள். ஒருவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கேட்கப் போவதை அட்டைப்பெட்டித் துண்டில் எழுதினோம்: மூவரையும் திரும்ப எடுக்க வேண்டும், கையெழுத்துக்காக யாரையும் மிரட்டக் கூடாது. ஏழு பேரும் கீழே பெயரெழுதினோம். கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றோம்.

கையெழுத்துப் போட முதலாளி கூப்பிட்ட ஆளின் கார் கேட்டுக்குள் நுழைந்தது.

"பயமா இருக்கா டேங்கர்?" என்றாள் அக்கா.

"இருக்கு அக்கா."

"எனக்கும்தான். நெருங்கி நில்லு."

நெருங்கி நின்றோம். விமானி கையை நீட்டித் தன் மச்சானையும் வரிசைக்குள் இழுத்துக்கொண்டான்.