நாற்பது முடிந்த மறுநாள்

...முடிந்துவிட்டது, நாற்பது நாளும் முடிந்துவிட்டது, காலைப் பூசையில் அல்லேலூயா பாடியாயிற்று, இனிக் குடித்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தபடியே வியாகப்பன் ஒரு கிலோ ஆட்டுக்கறியை வயர்கூடையில் வாங்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். மணி பன்னிரண்டு, மதுக்கடை திறக்கும் நேரம், நாக்கு வறண்டது. வருஷா வருஷம் இதுதானே, சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவை வாங்கினால் சொட்டுத் தொடமாட்டான், பங்குக் கோவில் சனமே மெச்சும், ஈஸ்டர் மத்தியானம் நாற்பது நாளையும் சேர்த்துக் குடித்துவிடுவான். அது நோன்பா, தாகத்தைச் சேர்த்துவைத்ததா? போன ஈஸ்டரில் கறியை எங்கே விட்டான் என்று இன்றைக்கும் தெரியாது. அரைத்துவைத்த மசாலாவில் உருளைக்கிழங்கைப் போட்டு இறக்கினாள் அவன் மனைவி செபஸ்தியாள். எட்டு வயசு மகள் அமலிதான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "யப்பா, தவக்காலம் முடியாமலே இருந்தா நல்லாருக்கும்லா." ஏட்டி, அது துக்க காலம்லா என்று குழறினான்... யாருக்குத் துக்கம்?

இந்த வருஷம் அமலியின் அந்தச் சொல் கூடவே வந்தது. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டும்போது, ஐந்தாம் நாள், தாகத்தில் துடுப்பு கைநழுவியது, சேசுவே என்று கண்ணை மூடினான், அதற்குப் பிறகு நாட்களை எண்ணவேயில்லை. கோடை உழவு போட்ட கரிசல் கட்டி கட்டியாகப் பிளந்து வெயிலில் கிடக்குமே, மழைக்காகத் திறந்து கிடக்குமே, யாராவது போய் அதை மிதித்து மூடுவார்களா? சேசுவுக்கு என் பட்டினி எதற்கு, என்னை அல்லவா உழுதுபோட்டிருக்கிறார்...

கடை வாசலில் பிச்சையா நின்றான், கூட வேலை பார்ப்பவன்.

"ஏலே வியாகு, நோம்பு முடிஞ்சிட்டுல்லா, வாலே."

"முடிஞ்சிட்டு."

"பெறகென்ன?"

பிறகென்ன... விரதம் இல்லை, சத்தியம் இல்லை, தடுக்க ஒன்றுமே இல்லை, ஆனாலும் கால் நடந்துகொண்டே இருந்தது, கறி கெட்டுப்போவும்லே, வாரேன் என்று வாய் சொன்னது, திரும்பிப் பார்த்தால் கடை பின்னால் கிடக்கிறது, இவ்வளவுதானா, இவ்வளவுதானா, கல்லறைக் கல்லையே உருட்டித் தள்ளியவனைப் போல நடுரோட்டில் சிரித்தான், ஆட்டோக்காரர் ஒருவர் ஒதுங்கிப் போனார்.

வீட்டு வாசலில் செபஸ்தியாள் கூடையை வாங்கினாள். முகத்தருகே வந்து மூச்சை மோந்துபார்ப்பாள், எப்போதும் அப்படித்தான், தவக்காலத்தில்கூட, இன்றைக்கு நன்றாகப் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவள் கூடைக்குள்தான் பார்த்தாள். "இஞ்சி வாங்கலியா? ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க."

அதே ரோடு, அதே கடை வாசல், பிச்சையா இன்னும் நிற்பான். "அமலியையும் கூட்டிட்டுப் போவட்டா?"

"அவ எதுக்கு? நீங்க போங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

தெருமுனை தாண்டியபோதுதான் உறைத்தது, இன்றைக்கு மட்டுமில்லை, நேற்றும் அவள் மோந்துபார்க்கவில்லை, அதற்கு முந்தின நாளும்... எந்த நாளில் நிறுத்தினாள்? தனக்கே தெரியாத ஏதோ ஒன்று அவளுக்கு எப்போது தெரிந்தது?