சிட்டம்மாள் அழும் நேரம்

பாஸ்டர் டேனியல் ஜெபிக்கத் தொடங்கினால் சாம்சன் கீபோர்டில் மெல்ல விரலை வைப்பான். அவர் குரல் ஏற ஏற வாசிப்பும் ஏறும். மாகறல் பக்கத்து அந்தத் தகரக் கூரைச் சபையில் நாற்பது பேரும் கண்ணை மூடிக் கையை உயர்த்துவார்கள். சற்று நேரத்தில், பெண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருக்கும் சிட்டம்மாள் தேம்பத் தொடங்குவாள். ஏழு மாதமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

அது தன் விரலின் மகிமை என்று சாம்சன் நம்பினான். சனிக்கிழமை உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணை வழியனுப்ப வாசிக்கும் அதே சோகம்தான். ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கொஞ்சம் பக்தி பூசுவான், அவ்வளவே. பாஸ்டரோ அது தன் பிரசங்கத்தின் மகிமை என்று நம்பினார். ஒரே உறையில் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்?

ஒரு வாரம் அவர் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டார்: "இந்தச் சபையில கண்ணீர் வருதுன்னா அது வசனத்தால. வாத்தியத்தால இல்ல."

சாம்சனுக்குச் சுருக்கென்றது. காசு வாங்காமல் சும்மா வாசிக்கிறவனுக்கு இருப்பது அந்த ஒரு பெருமைதான். அதையும் பிடுங்கினால் எப்படி? அடுத்த ஞாயிறு, "ஐயா, அடாப்டரு எரிஞ்சு பூட்சி" என்று கூசாமல் சொல்லிவிட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்தான். சபையில் பொய் சொன்னதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், முதலில் வழக்கு தீரட்டும் என்று நினைத்தான்.

பாஸ்டர் தொண்டை கிழிய ஜெபித்தார். மேலே ஃபேன் கடகடத்தது. ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டது. ஜனங்கள் அரைக்கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் பார்த்தார்கள். சிட்டம்மாள் தரையைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டு இல்லை.

ஜெயித்துவிட்டான். ஆராதனை முடிந்ததும் செருப்பு விட்டிருந்த இடத்தில், பாஸ்டர் காதுபட, அவளைப் பிடித்தான்.

"இன்னா பெரிம்மா, இன்னிக்கு அழுகையே வரல? கீபோர்டு இல்லாததாலதானே?"

"ஆமா நைனா."

பாஸ்டர் அவசரமாக பைபிளைப் புரட்டத் தொடங்கினார். சாம்சன் விடவில்லை.

"நான் எந்த எடத்துல வாசிக்கறப்ப உனுக்கு அழுகை வருது?"

"நீ இன்னா வாசிக்கறன்னு யாருக்குத் தெரியும்? சத்தமா கீது, அதான் எனுக்கு வேணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்டு ஆளு செத்து ஏழு மாசம் ஆவுது. வூட்ல ஒரே ரூமு. நான் அழுதா, மருமவ கொடுமைப்படுத்தறான்னு தெருவே பேசும். பாவம், அது நல்ல பொண்ணு. நடவுல அழுதா, கூட கீறவளுங்க வேலைய உட்டுட்டுத் தேத்த வந்துடறாளுங்க. இங்கதான் நீ வாசிச்சா எல்லாரும் கண்ண மூடிக்கிறாங்க. எம் பொலம்பலு யாருக்கும் கேக்காது. வாரத்துக்கு ஒரு வாட்டி அழுதுட்டா மிச்ச நாளு ஓடிடும். இன்னிக்கு அதுவும் இல்ல."

சாம்சனுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாள் அவள் துக்கத்தைத் தன் கைத்தட்டலாக எடுத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பாஸ்டரும் பைபிளைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அந்த அடாப்டரு எப்பப்பா ரெடி ஆவும்?" என்று கேட்டாள் சிட்டம்மாள்.

"ஆயிட்ச்சி பெரிம்மா."

அடுத்த ஞாயிறு ஜெபம் தொடங்கியதும் சாம்சன் வழக்கத்தைவிடச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். பாஸ்டரின் குரலே அதில் பாதி அமுங்கிப்போனது. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், குறைக்கச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் முடிக்கும் ஜெபத்தை அன்று பத்து நிமிடம் இழுத்தார். தூண் பக்கம் இருவருமே பார்க்கவில்லை.