ஷாதுலியா வீட்டுச் சுவர்

தச்சன் ரிதா தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டான், உள்ளே தடதடவென்று சத்தம். வஸீலா ஓடிப்போய்ப் பார்த்தாள். காலையில் அவன் மாட்டிய பலகை தரையில் கிடந்தது. சுண்ணாம்புக் காரையும் அதோடு பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்திருந்தது. விற்க அடுக்கியிருந்த ஹரிஸ்ஸா புட்டிகளில் பாதி உடைந்து, மிளகாய் விழுதும் ஒலிவ எண்ணெயும் அறை முழுக்க வழிந்தன.

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? கணவன் இறந்து போனதிலிருந்து ஸூஸ் நகரத்தில் இருக்கும் அண்ணன் வந்துவிடு வந்துவிடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டில் இருப்பதென்றால் அண்ணியின் அடுப்படியில் இருப்பது, அதை விளக்கவா வேண்டும். இந்தக் கைரவானிலேயே சொந்த வீட்டு முன்னறையில் நோன்புக்குள் கடை திறந்து காட்டுகிறேன், முடியாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நோன்பு அடுத்த வாரம்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த ரிதா சுவரில் விழுந்திருந்த ஓட்டைக்குள் விரலை விட்டான். விரல் முழுசாக உள்ளே போனது, மண் பொலபொலவென்று கொட்டியது.

“புது வீட்டுச் செங்கல் சுவர்னு நெனச்சு பிளாஸ்டிக் கட்டை வச்சு திருகிட்டேன்க்கா. காரைக்குப் பின்னாடி வெறும் கல்லும் களிமண்ணும்தான். என் புத்திய செருப்பால அடிக்கணும்.”

“அடிச்சுக்கோ. அப்புறம் வழியச் சொல்லு.”

“இரும்புக் கம்பிய அந்தப் பக்கம் வரைக்கும் விட்டு, அங்க ஒரு தகடு வச்சு முடுக்கினா நிக்கும்.”

அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஷாதுலியாவின் அடுக்களை. பத்திரப்படி சுவரும் அவளுடையதுதான். அவள் மகள் கல்யாணத்துக்கு வெளுத்துக் காயப்போட்ட விரிப்புகள் மேல், மாடியில் வஸீலா உலர்த்திய மிளகாயெல்லாம் காற்றில் பறந்து விழுந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மற்றச் சுவர்களிலெல்லாம் கதவும் ஜன்னலும். தரையில் அலமாரி நிறுத்தினாலோ வாங்க வருகிறவர் திரும்ப இடமிருக்காது. வேறு வழியே இல்லை. வஸீலா போய்க் கதவைத் தட்டினாள்.

ஷாதுலியா ரவை ஒட்டிய கையோடு பாதிக் கதவைத் திறந்தாள். “என்ன?”

யோசித்து வைத்த மன்னிப்பெல்லாம் வஸீலாவுக்கு மறந்து போனது. “பக்கத்து வீட்டுக்காரர் நம்ம சுவத்துல மரக்கட்டை அடிச்சா தடுக்கக் கூடாதுன்னு நபி சொன்ன ஹதீஸ் இருக்குக்கா.”

“எனக்கே ஹதீஸ் சொல்ல வந்துட்டியா? என்னத்த அடிக்கப் போற?”

“இரும்புக் கம்பி.”

“மரம்னுதான் இருக்கு. இரும்புன்னு எங்க இருக்கு?” கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வஸீலாவுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. குதர்க்கம் பிடித்த கிழவி என்று முணுமுணுத்தபடி நாலடி நடந்தவள், சட்டென்று நின்றாள். பிறகு திரும்பி வந்து மறுபடி தட்டினாள்.

“சரிக்கா. மரமே அடிக்கிறேன்.”

 ஷாதுலியா சொன்ன சொல் அவள் காலையே சுற்றிக்கொண்டுவிட்டது. ஹதீஸை மறுத்தால் நாளைக்கு ஊர் சிரிக்கும். “தூசி ஒரு பொட்டு விழுந்தாலும் நீதான் பெருக்கணும்” என்று கதவை முழுசாகத் திறந்தாள்.

மறுநாள் ரிதா கைப்பருமனான ஒலிவமரக் கட்டைகளோடு வந்தான். சுவரைப் பொறுமையாகக் குடைந்து, கட்டைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் செலுத்தினான். சந்துகளில் கல்லும் சுண்ணாம்பும் வைத்து இறுக்கினான். ஷாதுலியாவின் அடுக்களையில் நீட்டிய முனைகளை அறுக்க அவன் ரம்பத்தை எடுத்தபோது, தூசி பெருக்கிக்கொண்டிருந்த வஸீலாவைத் தள்ளிக்கொண்டு ஷாதுலியா முன்னால் வந்தாள்.

“ஏன் அறுக்குற?”

“உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமே.”

“என் வீட்டுக்குள்ள நீட்டுறது என்னோடது. இந்தப் பக்கமும் ஒரு பலகை போடு.”

ரிதா தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். “அதுவும் நல்லதுக்குத்தான். ரெண்டு பக்கமும் பளு இருந்தா தராசு மாதிரி நிக்கும். ஆனா உங்க பக்கத்தக் காலியா விட்டுறாதீங்க.”

“இவ கடைக்காக நான் பாரம் சுமக்கணுமாக்கும்” என்றாள் ஷாதுலியா. சொல்லிக்கொண்டே பரணிலிருந்த செப்புப் பானைகளை இறக்கத் தொடங்கிவிட்டாள்.

சுண்ணாம்பு காய்ந்து, ரிதா இரண்டு பக்கமும் கட்டைகள் மேல் பலகை போட்ட பிறகு வஸீலா தன் பக்கம் வந்து புட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.  ஒவ்வொன்றுக்கும் பலகைக்கு அடியில் ஒரு கையை ஏந்திக்கொண்டே இருந்தாள்.

“நிக்குதா?” சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“நிக்குதுக்கா.”

“இன்னொரு பானை வைக்கவா?”

“வைங்கக்கா.”

எல்லாப் புட்டியும் ஏறிவிட்டது. பலகை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் வஸீலா கையை எடுத்தாள். மனசு நிறைந்து போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தபோது அண்ணனின் போன் வந்தது.

“பலகை விழுந்துருச்சாமே, கேள்விப்பட்டேன். விடு. மூட்டையக் கட்டு, வண்டி அனுப்புறேன்.”

“வேணாம்ண்ணா. இனிமே விழாது” என்றாள் வஸீலா. “அந்தப் பக்கம் ஷாதுலியாக்கா புடிச்சுக்கிட்டிருக்காங்க.”