பனிக்குடத்துச் சவ்வு

இன்னொருத்தி பிள்ளையைப் பொத்திவைத்திருந்தது, இப்போது என் கண்ணில் இருக்கிறது.

பாலம் தாண்டி பாக் தீவுக்குள் கார் நுழைந்த பிறகும் ஜெர்காவுக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

உப்பளத்தில் இருபது வருஷம். வெயிலும் வெள்ளையுமாய்ப் பார்த்த இடது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியில் ஏறிவிட்டது. முதல் தடவை அதை வெட்டி, அவள் மேல் இமைக்கடியிலிருந்தே மெல்லிய தோலெடுத்து ஒட்டினார்கள். திரும்பவும் வளர்ந்தது. இரண்டாம் தடவை உப்பு வாரும் நேரம். அளத்துக்கு ஓடும் அவசரத்தில் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

இன்று காலை கண்ணைச் சோதித்த டாக்டர் சாவகாசமாகச் சொன்னாள்.

"அருமையா ஒட்டிக்கிச்சு. இந்தத் தடவை வச்சது பனிக்குடத்துச் சவ்வு. சிசேரியன்ல பிள்ளை பெத்த ஒரு அம்மா தானமாக் குடுத்தது."

"அந்தப் பிள்ளை?"

"எங்கேயாவது ஓடி விளையாடிட்டு இருக்கும். யாருன்னு எங்களுக்கே தெரியாதும்மா."

வயிற்றில் ஏழாம் மாதத்தில் ஜெர்காவின் பிள்ளை போய் ஒன்பது வருஷமாகிறது. அதன்பின் புருஷன் வீட்டில் எந்தப் பச்சைப் பிள்ளையையும் அவள் முன்னால் கொண்டுவருவதில்லை. ஏனென்று யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

நாத்தனார் நீவெஸ் வீட்டு வாசலில் புருஷன் ஷிமே காரை நிறுத்தினான். உள்ளே மூன்று வாரப் பிள்ளை அழும் சத்தம். அவன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினான்.

"போட்டுக்கோ. அம்மா சொல்லி அனுப்பினா."

"வெயிலே இல்லையே."

"கண்ணு செவசெவன்னு இருக்கு ஜெர்கா. திருஷ்டிக்குன்னு பிள்ளை கையில சிவப்பு நூல் கட்டியும் அம்மாவுக்குப் பயம் போகல." கொஞ்சம் சிரித்தான். "இல்லைன்னா போன தடவை மாதிரி அடுப்படியிலயே இருந்து வெங்காயம் உரி. கண்ணு ஏன் சிவந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான்.

என்னிடம் எதுவும் தங்காது என்று ஒன்பது வருஷமாக நம்பியிருந்தாள். ஒரு பிள்ளையோடு வந்தது, அவளைக் கேட்காமலே, அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை மறைத்துக்கொண்டா இன்னொரு பிள்ளையைப் பார்ப்பது?

கண்ணாடியை வாங்கினாள். மடக்கி, அவன் மடியில் வைத்தாள்.

"வேணாம் ஷிமே," என்றாள் மெதுவாக. கதவைத் திறந்தாள்.