கட்டாத மாடிகளின் நிழல்

தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்த மறுவாரம், பாங்காக்கில் பாதியில் நின்றுபோன பைபூன் கோபுரத்தின் நிழல் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. கட்டடம் இருபத்தெட்டு மாடி. நிழலுக்கு அந்த வாரம் இருபத்தொன்பது. முதலில் கவனித்தவள் லம்துவான், எதிரே தள்ளுவண்டியில் நூடுல்ஸ் சூப் விற்பவள். கூலியாட்கள் போனபின் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தரையைப் பார்க்க நேரம் கிடைத்தது. கணவன் கம்சிங்கிடம் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் வெல்டராக இருந்தவன் அவன். பசியில் உனக்குக் கண்ணைக் கட்டுகிறது, ஒரு கிண்ணம் நீயே குடி என்றான். மறுவாரம் முப்பது ஆனபோது அவனும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான்.

தப்பு செய்தவர் கோபுரத்தின் முதலாளி பைபூன். மண்ணைக் காக்கும் தேவதைக்கு வாசலில் தூண்மேல் சின்ன வீடு வைக்க வேண்டும், பெரிய வீட்டு நிழல் அதன்மேல் படக் கூடாது. இது கைக்குழந்தைக்கும் தெரியும். அவரும் சோதிடரை அழைத்து, முப்பது மாடிக்கு நிழல் எங்கே விழும் என்று அளந்து, ஒதுக்கமாகத்தான் வைத்தார். படையலாகச் சிவப்புச் சோடாவும் மல்லிகை மாலையும் தினமும் தவறவில்லை. பிறகு வெளிநாட்டு வங்கிகள் டாலரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தன. வரைபடத்தில் ஐம்பது மாடி ஆயிற்று, சின்ன வீட்டை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. வேலை நின்றபோது நல்லவேளை, இருபத்தெட்டோடு போயிற்று என்று மூச்சு விட்டார்கள். நிழலோ வரைபடத்தின்படியே போனது. கட்டாத மாடிகள் ஜன்னல் துளைகளோடு ஒவ்வொன்றாகத் தரையில் படிந்தன. முப்பத்தோராவது மாடி தேவதையின் கூரையைத் தொட்டது. அன்றிலிருந்து அந்த நிழல், தன்மேல் உட்கார்ந்தவர்களின் நிழலைத் தின்னத் தொடங்கியது.

கம்சிங் தினமும் வாசலில் போய் உட்கார்ந்திருப்பான், வேலை திரும்பத் தொடங்கினால் முதல் ஆளாக நிற்கலாம் என்று. அந்த நிழலில் உட்காராதே என்று லம்துவான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிவிட்டாள். ஒரு மாலை அவன் எழுந்தான், அவன் நிழல் எழவில்லை. அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் அவனை எடுக்கவில்லை. முகத்தைப் பார்க்கும் முன் காலடியைப் பார்த்தார்கள். பேட்டையில் பாதிப் பேருக்கு அதே கதிதான். சியோலிலும் ஜகார்த்தாவிலும் இப்படியே என்று வானொலி அரிசி விலையோடு சேர்த்துச் சொன்னது. கறுப்புக் கோட்டுப் போட்ட நிபுணர்கள் கடல் கடந்து வந்து நிழலை நாடா வைத்து அளந்தார்கள். இந்த ஜனங்கள் இத்தனை காலம் வெயிலை அளவுக்கு மீறி அனுபவித்துவிட்டார்கள், இனி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்கப் பழகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்கள். அவர்களுக்கென்ன வந்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய, மாலை நிழல் வடகிழக்கே திரும்பி, பிழைப்பு போய் ஊர் திரும்பியவர்களின் வயல்வரை போனதாகப் பேருந்துக்காரர்கள் சொன்னார்கள்.

தைவான் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க ஏஜெண்ட் வந்தது அப்போதுதான். இதுவும் போனால், ஊரில் தங்கையிடம் விட்டிருந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நூல் ஆலைக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. கோயில் முற்றத்தில், காலை வெயிலில், வரிசை நின்றது. நிழல் இல்லாதவர்களை ஏஜெண்ட் பிரம்பால் காட்டி வெளியே அனுப்பினான். லம்துவான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கணவனுக்குப் பின்னால் ஒட்டி நின்றாள். துணைக்குப் பெண்டாட்டியா, தைவானுக்கும் மடியில் வைத்துக்கொண்டு போவாளோ என்று வரிசை கேலி செய்தது. அவள் அசையவில்லை. அவளுடைய நிழல் அவன் காலடியில் நீண்டு கிடந்தது.

ஏஜெண்ட் குனிந்து பார்த்தான். “என்னய்யா, உன் நிழலு கொண்டை போட்டிருக்கு?”

“தொப்பிங்க,” என்றான் கம்சிங். தலையில் தொப்பி இல்லை. ஏஜெண்ட் அண்ணாந்து பார்க்காமல் முத்திரை குத்தினான்.

வெளியே நடந்தபோது நிழல் அவனோடு போயிற்று. லம்துவானின் காலடி வெறிச்சென்று வெளுத்திருந்தது. அவன் பதறிப்போய் நின்றான்.

“புள்ள, உன்னோடது எங்கிட்ட ஒட்டிக்கிச்சு. எடுத்துக்க.”

“வெச்சுக்கய்யா. சூப்பு ஊத்த எனக்கு நிழல் எதுக்கு?”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அவன் தைவான் போனான். மகள் பள்ளிக்குப் போனாள். லம்துவானிடம் சாப்பிட வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்களிலும் பலருக்கு நிழல் இல்லை. அவள் சூப் ஊற்றும் மதிய நேரத்தில் கம்சிங்கின் காலடி நிழலும் தானாகக் குனிந்து கரண்டியால் ஊற்றுவதாகத் தைவானில் சிரித்தார்களாம். அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முனைக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தான். குரல் இறங்கியிருந்தது.

“சாயங்காலமானா மேக்கேருந்து ஒரு நிழல் வருது புள்ள. ஜன்னல் ஜன்னலா இருக்கு. மிஷினை விட்டுட்டு நகர முடியல.”

அவள் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். அதே இருபத்தெட்டு மாடி, உச்சியில் புறாக்கள். “நான் பாத்துக்கிறேன்யா,” என்றாள். திரும்பி வந்து, கொதிக்கும் சட்டியோடு வண்டியை வெயில் பக்கமாக நாலடி தள்ளிக்கொண்டு நடந்தாள். தைவானில் அவள் நிழல் இழுக்க, கம்சிங்கின் கால்கள் அவனைக் கேட்காமலே நாலடி நகர்ந்தன.

இப்போதும் மாலையில் அவள் நகர்கிறாள். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்ச தூரம் தள்ள வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர்கள் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, குடித்துக்கொண்டே கூட நடக்கிறார்கள்.